ஸ்பிரிங்கை அறுக்காதே தோழா!

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கவிதை எனக்கு வராது. நாட்டு நடப்பைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பட்டறைதான். எங்கள் பட்டறைக் கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லி, அதனால் எனக்குத் தோன்றிய கருத்தையும் சொல்லி விடுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பிழை பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா நாமக்கல் பக்கம் ரோட்டோரத்தில் லாரிகளுக்குக் கமான் பட்டை அடிக்கும் வேலை செய்கிறார். வளைவு போன பட்டைகளை உலையில் காய வைத்து, சம்மட்டியால் அடித்து, மறுபடி வளைவு ஏற்றி, எண்ணெயில் முக்கிப் பதம் பிடித்துக் கொடுப்பார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டவர்களிடம் "ஆட்டோமொபைல் லைன்" என்று சொல்லி வைத்தேன். பட்டறை என்று சொல்ல வாய் வரவில்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காரைத் தாழ்த்துவது என்றால் நம் பிரிவு மாணவர்களில் பாதிப்பேருக்குக் கண் மின்னும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாத மாதிரி, தரையை ஒட்டிப் போகிற கார்! பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. நானும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படிப்பட்ட கார்களை வரைந்தவன்தான். ஆசை தப்பில்லை. ஆனால் அந்த ஆசையை நாம் வீட்டு வாசலில் எப்படி நிறைவேற்றுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

கடந்த மே மாத விடுமுறையில் என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். "டேய், நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிற? இதை இறக்கிக் கொடுடா. 2,000 ரூபாய் தர்றேன்" என்றான். தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங் செட் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடலாம் என்றேன். "அதுக்கு எதுக்குடா அவ்வளவு காசு? இருக்கிறதுல ஒரு சுத்து அறுத்துட்டாப் போதும். வீடியோவுல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றான். 2,000 ரூபாய் எனக்குப் பெரிய தொகை. அதைவிடப் பெரிது, "நீ படிக்கிறவன்தானே" என்ற அந்தச் சொல். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்பா முதலிலேயே தடுத்தார். "கண்ணு, சுத்தைக் குறைச்சா விறைப்பு ஏறும். கேஸ்ல அறுத்தா பதம் போயிரும். பதம் போச்சுன்னா அது ஸ்பிரிங் இல்ல, வெறும் கம்பி" என்றார். "நீங்க பாக்கறது லாரிப் பட்டைங்கப்பா, இது கார்" என்று எடுத்தெறிந்து பேசினேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

முன்பக்கத்து ஸ்ட்ரட்டைக் கழற்றி வெளியே எடுத்தாகிவிட்டது. ஸ்பிரிங்கைத் தனியாக எடுக்க வேண்டுமானால் முதலில் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கென்று கம்ப்ரஸர் என்ற கருவி இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. நானே 12 மி.மீ. கம்பியில் மரை போட்டு, முனையை வளைத்துக் கொக்கி செய்து, இரண்டு பக்கமும் மாட்டி முறுக்கினேன். அப்பா மனசு கேட்காமல் வந்து குனிந்து ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் ரோட்டில் லாரிக்காரர் ஒருவர் குரல் கொடுக்கவே, எழுந்து போனார். நான் நடுத்தண்டின் நட்டைக் கழற்றினேன். ஒரு கொக்கி நிமிர்ந்தது.

சத்தம் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்பிரிங் மேல்தட்டையும் இழுத்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பொத்துவிட்டு, உலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்து உருண்டது. அது போன வழியில்தான் ஒரு நிமிடம் முன்பு அப்பாவின் முகம் இருந்தது.

அப்பா ஓடி வந்தார். திட்டவில்லை. என் கை, முகம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகு, "தெரியாததை கையில எடுக்காத கண்ணு. தெரிஞ்சுக்கிட்டு எடு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து முதலாமாண்டு, இரண்டாமாண்டு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எல்லாமே அதில் இருந்தது, தோழர்களே! நான் படித்து மார்க் வாங்கிய கணக்குதான் என் அப்பாவின் தலையைத் தாண்டிப் போயிருக்கிறது.

ராபர்ட் ஹூக் 1678-லேயே வெளியிட்டுவிட்டார்: ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அந்த அளவுக்கு அது திருப்பித் தள்ளும். கணக்குக்கு, ஒரு மி.மீ. அமுக்க 20 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காருக்கு இது பொருந்தும் அளவுதான். அதை 150 மி.மீ. அமுக்கினால் 3,000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடை அளவுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதில் அடைபட்டிருக்கும் ஆற்றல் 225 ஜூல். 5 கிலோ சம்மட்டியை 4.6 மீட்டர் உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட ஒன்றரை மாடியிலிருந்து, தலையில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. அதை நான் கையால் வளைத்த கொக்கியில் மாட்டியிருந்தேன்!

அடுத்த பக்கத்தில் இன்னொரு சூத்திரம். சுருள்வில்லின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதம். வேலை செய்யும் சுற்று 6 இருந்து, ஒன்றை அறுத்தால் மிச்சம் 5. விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். 20 நியூட்டன் 24 ஆகிவிடும். "சுத்தைக் குறைச்சா விறைப்பு ஏறும்" என்று அப்பா சொன்னது இதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கைப்பழக்கத்தில் சொன்னதை, நான் எழுதிப் பாஸ் செய்துவிட்டு மறந்திருக்கிறேன். பதம் போகும் என்றாரே, அதுவும் நம் உலோகவியல் பாடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் எஃகைச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடு காட்டித்தான் அந்தக் குணத்தைக் கொண்டுவருகிறார்கள். கேஸ் வைத்து அறுத்தால் அந்த இடத்தில் அத்தனையும் கெட்டுவிடும். பிறகு அது அமுங்கிப் போகலாம், ஒரு நாள் ஒடியவும் செய்யலாம்.

சரி, அறுப்பதால் வேறு என்ன கெடுதி? நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறுவதற்கு, பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை 70 மி.மீ. இடம் இருந்தது என்று கொள்வோம். காரை 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 30. இடம் பாதிக்கும் மேல் போய்விட்டது. விறைப்போ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. ஆகவே ஒவ்வொரு குழிக்கும் 'டம் டம்' என்று ரப்பரில் இடிக்கும். பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர் புது விறைப்பை அடக்க முடியாமல் கார் துள்ளும். சக்கரம் கீழே தொங்கும் நேரத்தில், நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். கடையில் விற்கும் நல்ல செட் இப்படிச் சும்மா அறுத்தது அல்ல. நீளம், விறைப்பு, முனை உட்காரும் விதம் எல்லாவற்றையும் கணக்கிட்டுச் செய்தது. சிலவற்றை அதற்கேற்ற ஷாக்குடன் சேர்த்தே தருகிறார்கள்.

நல்ல செட் போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. "கார் இறங்கினால் வளைவில் சாயாது" என்று எல்லோரும் சொல்கிறோம். எடை மையம் இறங்குவது உண்மைதான். ஆனால் நம் சின்னக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்பெர்சன் 1940-களில் வடிவமைத்தது. இதில் காரை இறக்கும்போது லோயர் ஆர்மின் சாய்வு மாறி, கார் சாய்வதற்கு மையமான புள்ளி எடை மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால் சாயும் போக்கு குறையாமல் கூடவும் செய்யலாம். அதோடு சக்கரத்தின் கேம்பர், டோ அளவுகளும் மாறிவிடும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மிச்சம் பிடித்த காசு டயர் கடைக்குப் போய்விடும்.

இந்தத் தாழ்த்தும் மோகம் நம் ஊரில் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களின் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும், ஸ்பிரிங்கை அறுத்தும் தாழ்த்தி ஓட்டினார்கள். 'லோரைடர்' என்று பெயர். சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் உடம்பு இறங்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1959-ல் ரான் அகிரே என்ற இளைஞர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தி, வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் வழி கண்டுபிடித்தார். அந்தச் சட்டத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது. அறுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொண்டார்கள். நாமோ அவர்களுடைய அறுவையை மட்டும் எடுத்துக்கொண்டோம்!

நம் சாலைக்கும் வருவோம். நண்பனுடைய பழைய ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 170 மி.மீ., சக்கரங்களுக்கு இடையே 2,390 மி.மீ. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, உயரம் 10 செ.மீ. இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதிப்படி கட்டிய வேகத்தடையில் முன் பின் சக்கரங்கள் இரண்டுமே மேட்டின் மேல் ஏறிவிடுவதால், காரின் வயிற்றுக்கு அடியில் மேடு எழுவது சுமார் 42 மி.மீ. மட்டுமே. 40 மி.மீ. தாழ்த்திய காரும் தட்டாமல் போய்விடும். ஆனால் நம் தெருக்களில் இருப்பது அதுவா? மிச்சமான தாரைக் கொட்டி ஒரே ராத்திரியில் போட்ட ஒடுக்கமான மேடு! அதில் முழு உயரமும் அப்படியே வயிற்றுக்கு நேராக வரும். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் கார் இன்னும் இறங்கும். அடியில் இருப்பது வெறும் தகரம் அல்ல, ஆயில் சம்ப்பும் அங்கேதான் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். "எல்லாரும்தான் பண்றாங்க" என்பது ரோட்டில் வண்டியை நிறுத்தும் ஆய்வாளரிடம் செல்லாது.

அப்படியானால் வீட்டில் சஸ்பென்ஷன் வேலையே செய்யக் கூடாதா? இங்கேதான் என் கருத்து சிலருக்கு மாறுபடும். செய்யலாம், செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்பேன். தாழ்த்துவதற்காக இல்லாவிட்டாலும், தேய்ந்த ஷாக்கை மாற்ற நாளைக்கு நம்மில் பலர் இதே ஸ்ட்ரட்டைத்தான் கழற்றப் போகிறோம். அது நம் சோறு. வீட்டில் செய்வது குற்றமில்லை. அரைகுறையாய்ச் செய்வதுதான் குற்றம்.

விடுமுறை முடிந்து வந்ததும் நம் லேப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு மாலை முழுவதும் நின்று சொல்லிக் கொடுத்தார். சமதரையில் நிறுத்தி, கழற்றாத சக்கரங்களுக்கு முட்டு வை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்து. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதே. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் முதலில் விடுவித்துவிடு, இழுபட்டு அறக் கூடாது. கம்ப்ரஸரை ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கம் மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கு. ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்த்த பிறகே நடு நட்டைத் தொடு. ஸ்பிரிங் நீளும் திசையில் ஒருபோதும் முகத்தைக் காட்டாதே. திரும்ப மாட்டும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடும். இறுக்கும் அளவு கைக்கணக்கு அல்ல, டார்க் ரெஞ்ச் கணக்கு. கடைசியில் அலைன்மென்ட், அதற்குப் பிறகு ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரம்.

அந்த முறையில், வாடகைக்கு எடுத்த நல்ல கம்ப்ரஸரோடு, நண்பனின் காரில் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் பூட்டிக் கொடுத்தோம். பொத்துக்கொண்டு போன ஸ்பிரிங் மட்டும் வளைந்திருந்ததால், அவன் முன்பக்கத்துக்குப் புது ஜோடி வாங்கினான். கம்பெனி அளவுதான், தாழ்ந்தது அல்ல. 2,000 ரூபாயை நான் வாங்கவில்லை. அப்பா நட்டை இறுக்க, நான் டார்க் ரெஞ்சில் சரிபார்த்தேன். 'டக்' என்று அது சத்தம் கொடுத்ததும், "இது என்ன கண்ணு, இதுவா நிறுத்தச் சொல்லுது?" என்று வாங்கிப் பார்த்தார். அளவை அவருக்கு விளக்கிச் சொன்னேன். எனக்குத் தெரிந்து அவரிடம் நான் ஒன்றைக் கற்றுக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் ஆய்வுக்கூடத்தில் வண்ணம் அடித்த சஸ்பென்ஷன் மாடல் ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. பார்க்கலாம், படம் வரையலாம், தொட முடியாது. பக்கத்து ஊர் ஸ்கிராப் யார்டில் நான்கு பழைய ஸ்ட்ரட்டுகள் வாங்க முடியாதா? ஒரு நல்ல கம்ப்ரஸர், ஒரு டார்க் ரெஞ்ச், இரண்டு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டு, சுற்றிலும் இரும்பு வலைக்கூண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஆண்டு விழா மேடை அலங்காரத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே இது நடக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் பொருளாளர் திருத்தட்டும். வீட்டில் கார் இல்லாதவர்கள் நாம், கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் நாம். இங்கே தொட்டுப் பழகாவிட்டால், எங்கோ ஒரு பட்டறையில் கம்பியை வளைத்துத்தான் பழகுவோம். அப்போது எதிரே குனிந்திருப்பது யாருடைய அப்பாவோ!

கூரையில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் உலைக்குப் பக்கத்தில் ஒழுகும். "தகரம் மாத்திரலாம்ப்பா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் கண்ணு, நீ டிப்ளமா முடிச்சுட்டு வந்து மாத்து" என்கிறார். வாளி ஒன்று வைத்திருக்கிறார். மாற்றத்தான் போகிறேன். அதுவரை, தோழர்களே, யாராவது உங்களிடம் வந்து "ஒரு சுத்து அறுத்துக் கொடுடா" என்று கேட்டால் தயவுசெய்து மறுத்து விடுங்கள். "ஏன்?" என்று கேட்டால் நோட்டைத் திறந்து கணக்கைக் காட்டுங்கள். படித்தவன் என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டியதில்லை.